மாத்திரைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

எனக்கு நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. நாளுக்கு ஒரு வேளை மாத்திரை போட்டுக்கொண்டு, திருச்சியில் எப்போதும் போல் வேலைக்குப் போய்வருகிறேன். இந்நிலைக்கு என்னைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுள் பெரும்பாலோர் என்னை அறியார். சிலர் நான் நோயுறுவதற்கு முன்பே மறைந்துவிட்டனர். ஆயினும், யாருக்கு எதற்காகக் கடன்பட்டிருக்கிறேன் என்பதைப் பொதுவில் விவரமாகச் சொல்வதே முறை என்று கருதி இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, என் இரத்தத்தை முதலில் பார்த்த பரிசோதனைக்கூடப் பணியாளருக்கு உரியது. சோர்வும் இடது விலாவுக்குக் கீழே ஒரு கனமுமாகப் போயிருந்த எனக்கு, இயந்திரம் காட்டிய வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை ஒரு இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இயல்பாக அது 4,000 முதல் 11,000 வரைதான் இருக்கவேண்டும். அவர் அந்த எண்ணை மட்டும் அச்சிட்டுக் கொடுத்து அனுப்பிவிடாமல், ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு நோய்க்குறியியல் மருத்துவரை அழைத்தார். எலும்பு மச்சைக்குள்ளேயே முதிர்ந்திருக்க வேண்டிய இளம் அணுக்கள் எல்லாப் பருவங்களிலும் இரத்தத்தில் கலந்து திரிந்ததை அம்மருத்துவர் அன்றே கண்டு சொன்னார். புற்றுநோய் ஆய்வைப் பற்றிப் பேசுவோர் இவர்களைக் குறிப்பிடுவதில்லை என்பதாலேயே இவர்களை முன்னே வைக்கிறேன்.

அவர்கள் கண்டதற்குப் பெயர் சொல்ல முடிந்ததற்கு 1960 காரணம். அந்த ஆண்டில்தான் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெலும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும், இந்நோயாளிகளின் அணுக்களில் வழக்கத்துக்கு மாறான ஒரு குட்டிக் குரோமோசோம் இருப்பதை வெளியிட்டனர். அது எப்படிக் குட்டையானது என்பது பதின்மூன்று ஆண்டுகள் புரியவில்லை. சிகாகோவின் ஜேனட் ரோலி, குரோமோசோம் படங்களை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, கத்தரித்து, அடுக்கிப் பார்த்து, 22ஆம் குரோமோசோமில் குறைந்த துண்டு 9ஆம் குரோமோசோமில் போய் ஒட்டியிருப்பதை 1973இல் நிறுவினார். அந்த இடமாற்றத்தால் இரண்டு மரபணுக்கள் இணைந்து, நிறுத்தவே முடியாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நொதி உருவாகிறது என்பது எண்பதுகளில் தெளிவாயிற்று. பிசிஆர்-ஏபிஎல் என்ற அந்த நொதியின் பெயர் இன்று என் அறிக்கைகள் ஒவ்வொன்றிலும் அச்சாகிறது.

அடுத்து, பாசல் நகரின் வேதியியலாளர்களுக்கு. சீபா-கெய்கி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடன், யூர்க் சிம்மர்மன் முதலியோர், நொதிக்கு ஆற்றல் தரும் மூலக்கூறு வந்தமரும் பள்ளத்தை அடைத்துவிடும் சேர்மம் ஒன்றைத் தேடினர். ஒரு மீத்தைல் தொகுதியைச் சேர்த்ததும் வேறு நொதிகளைத் தாக்கும் குணம் அகன்றது. இன்னொரு பகுதியைச் சேர்த்ததும் நீரில் கரைந்து வாய்வழியே உட்கொள்ளத் தக்கதாயிற்று. மருந்து மூலக்கூறின் மிகச் சில அணுக்களை இங்கும் அங்கும் மாற்றியதில் ஒரு மனிதரின் ஆயுள் அடங்கியிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புதான். இமாட்டினிப் என்று பெயர் பெற்ற அம்மருந்தை இந்நோய்க்கே பயன்படுத்த வேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற போர்ட்லண்ட் மருத்துவர் பிரையன் டிரக்கருக்கும் என் வணக்கம்.

மருந்து அந்தப் பள்ளத்தில் எவ்வாறு அமர்கிறது என்பதை 2000இல் படிக அமைப்பாக, அதாவது அணு அணுவாக வரைந்த முப்பரிமாணப் படமாகக் காட்டியது ஜான் குரியனின் குழு. அது நொதியின் செயலற்ற நிலையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது அப்போது தெரிந்தது. குரியன் இளமையில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். புரத அமைப்பு எதுவாயினும் அது சரிதானா என்று சோதிக்க இன்றும் உலகெங்கும் போடப்படும் இராமச்சந்திரன் வரைபடமும் அதே பல்கலைக்கழகத்தில் 1963இல் பிறந்ததுதான். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறிது பெருமையும் உண்டு.

மருந்து இருந்தால் மட்டும் போதாது, வாங்கவும் முடியவேண்டும். சீபா-கெய்கி பின்னர் இணைந்து உருவான நொவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாத்திரைக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாயும், இந்திய நிறுவனங்கள் தயாரித்ததற்குச் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாயும் விலையாக இருந்த காலம் அது. அந்நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது; முன்பே அறிந்த சேர்மத்தின் புது வடிவத்துக்குப் பலன் கூடினாலன்றிக் காப்புரிமை இல்லை என்னும் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது; 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நொவார்ட்டிஸின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்து இறுதித் தீர்ப்பளித்தது. ஆண்டுக்கணக்கில் எதிர்த்து வாதாடிய புற்றுநோயாளிகள் உதவிச் சங்கத்துக்கும் வழக்கறிஞர்களுக்கும் நன்றி. நொவார்ட்டிஸ் தன் உதவித் திட்டத்தின் வழியே இந்தியாவில் ஆயிரக்கணக்கானோருக்கு இலவசமாக மருந்து கொடுத்ததையும் மறைப்பது நேர்மையாகாது. எனினும் கொடை தருபவரின் மனத்தைப் பொறுத்தது, விலை சட்டத்தைப் பொறுத்தது. நான் இரண்டாவதையே நம்பி வாழ்கிறேன்.

1998 ஜூனில் தொடங்கிய முதல் மருந்துச் சோதனையில் சேர்ந்தவர்களுக்குத்தான் என் கடன் மிகப் பெரியது. போதிய அளவு மருந்து பெற்ற, நோயின் தொடக்கக் கட்டத்தில் இருந்த 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்கள் இயல்புக்குத் திரும்பின. அந்த எண்தான் செய்தித்தாள்களில் வந்தது. முற்றிய கட்டத்தில் சேர்ந்தவர்களில் பலருக்கு நலம் சில மாதங்களே நீடித்தது. நோய் திரும்பிய அத்தகையவர்களின் மாதிரிகளை 2001இல் சார்ல்ஸ் சாயர்ஸின் குழு ஆராய்ந்தபோது, நொதியின் 315ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறினாலே மருந்து பிடிமானம் இழந்துவிடுகிறது என்பது வெளிப்பட்டது. படிக அமைப்பு ஏற்கெனவே கையில் இருந்ததால், அது ஏன் என்பதையும் விளக்க முடிந்தது. அடுத்த தலைமுறை மருந்துகள் அந்த அறிவின் மேல்தான் எழுந்தன.

சில காலத்துக்கு முன் என் இரத்தத்தில் அந்த பிசிஆர்-ஏபிஎல் அளவு 0.1 விழுக்காட்டிலிருந்து மேலேறத் தொடங்கியபோது, என் மருத்துவர் அந்த மாற்றங்களைத் தேடும் பரிசோதனைக்கு மாதிரியை அனுப்பினார். வேறோர் இடத்தில் மாற்றம் இருந்தது, 315இல் இல்லை. ஆகவே இமாட்டினிப்பை நிறுத்தி, 315இல் மாற்றம் இருந்தால் மட்டும் பயன்படாத அடுத்த தலைமுறை மருந்தான டசாட்டினிப் எழுதிக்கொடுத்தார். அளவு மீண்டும் இறங்கிற்று. எந்த மாத்திரை எனக்குப் பயன்படும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், தமக்கு மருந்து நிலைக்காமல் போன அந்த நோயாளிகள். அவர்களுடைய குடும்பத்தார் எவரேனும் இதைப் படிக்க நேர்ந்தால், என் நன்றியை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
நோயாளி ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.