ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்த வரலாறு எதற்கு என்று கேட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

சென்ற வாரம் தொலைபேசியில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லாமல், எழுதுகிறேன் என்று மட்டும் சொன்னேன். பாப்பா பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்த புத்தகத்தில் அமெரிக்காவில் கறுப்பின அடிமைகளை ஏலம் விடும் படம் இருந்ததாகவும், அதைப் பார்த்த இரவு அவள் வெகுநேரம் தூங்கவில்லை என்றும் சொன்னாய். "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு, அக்கா? அது அவர்கள் கதை, நாம் பிழைக்க வந்தவர்கள்" என்றும் சொன்னாய். நான் பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறவள் என்பதால் வேறு தமிழ்த் தாய்மார்களும் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆகவே, நீ சம்மதித்தபடி, உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தை எல்லோரும் படிக்கும்படி வைக்கிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லாதே. அவள் பக்கத்தில் உட்கார்ந்து நீயும் படி. உன் பயத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் பெயர் தெரியாத மனிதர்கள் சங்கிலியோடு நிற்கும் ஒரு படத்தோடு அவள் தனியே விடப்பட்டதுதான் அவளை அவ்வளவு கலங்க வைத்தது என்று நினைக்கிறேன். அந்த மனிதர்களுக்குப் பெயர் இருந்தது, பாட்டி இருந்தாள், பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் திட்டமிட்டார்கள், தப்பினார்கள், தங்கள் கதையைத் தாங்களே எழுதினார்கள். அதையும் அவள் அறியட்டும்.

ஹாரியட் ஜேக்கப்ஸிடமிருந்து தொடங்கு. நீ இருக்கும் சார்லட் நகரிலிருந்து வெகுதூரம் கிழக்கே, அதே வட கரோலினா மாநிலத்தில், ஈடன்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. ஹாரியட் அங்கே அடிமைப் பெண்ணுக்குப் பிறந்தவர். சிறு வயதில் அவருடைய எஜமானி அவருக்கு எழுத்தும் தையலும் சொல்லிக் கொடுத்தார். அதே எஜமானி 1825இல் இறந்தபோது, பாத்திர பண்டங்களை எழுதி வைப்பது போல, ஹாரியட்டைத் தன் சகோதரியின் மூன்று வயது மகளுக்கு எழுதி வைத்தார். அந்தக் குழந்தையின் தந்தை ஜேம்ஸ் நார்காம் என்ற மருத்துவர். அவருடைய தொல்லை தாங்காமல் 1835இல் ஹாரியட் தலைமறைவானார்.

நார்காம் அப்போது நார்ஃபோக் நகர நாளிதழ் ஒன்றில் 100 டாலர் வெகுமதி அறிவித்துக் கொடுத்த விளம்பரம் இன்றும் இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. வயது 21, உயரம் 5 அடி 4 அங்குலம், இயல்பாகச் சுருண்ட அடர்ந்த கறுத்த முடி, சரளமாகப் பேசுவாள், நல்ல தையற்காரி, நாகரிகமாக உடுத்துவாள் என்று ஒவ்வொன்றாக அடையாளம் சொல்லிக்கொண்டு வருகிறார். பிறகு, தெரிந்த எந்தக் காரணமும் தூண்டுதலும் இல்லாமல் தன் மகனின் தோட்டத்தை விட்டு ஓடிவிட்டதாகவும், வடக்கே போய்விடத் திட்டமிட்டிருக்கக் கூடும் என்றும் எழுதுகிறார்.

அடிமை முறை இல்லாத அந்த வடக்கு மாநிலங்களுக்கு ஹாரியட் அப்போது போகவில்லை. அதே ஊரில், பாட்டியின் வீட்டை ஒட்டிய கொட்டகைக் கூரைக்கு அடியிலிருந்த பொந்தில் ஒளிந்திருந்தார். அதன் நீளம் 9 அடி, அகலம் 7 அடி. மிக உயர்ந்த இடத்திலேயே உயரம் 3 அடிதான். இருட்டில், புழுக்கத்தில், எலிகளுக்கு நடுவே ஏறக்குறைய 7 ஆண்டுகள் அங்கே கழித்தார். மரத்தில் துளையிடும் சிறு கருவி ஒன்று கைக்குத் தட்டுப்பட, தெருப்பக்கப் பலகையில் ஓட்டைகள் போட்டு, கீழே நடமாடும் தன் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நியூயார்க்கிலிருந்து எழுதுவது போல நார்காமுக்கே கடிதம் எழுதி, நம்பிக்கையான ஒருவர் மூலம் அங்கிருந்து தபாலில் சேர்க்கச் செய்து, அவரைத் திசைதிருப்பினார். 1842இல்தான் படகேறி ஃபிலடெல்ஃபியா சேர்ந்தார்.

அந்த விளம்பரத்தையும், 1861இல் லிண்டா பிரென்ட் என்ற புனைபெயரில் ஹாரியட் வெளியிட்ட தன் வரலாற்றின் சில பக்கங்களையும் அருகருகே வைத்துப் பாப்பாவிடம் படிக்கக் கொடு. இதை எழுதியவர் யார், யார் படிப்பதற்காக எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேள். "தெரிந்த எந்தக் காரணமும் இல்லாமல்" என்ற வரி வந்ததும் அவளே நின்றுவிடுவாள். எங்கள் நூலகத்துக்கு வரும் பிள்ளைகளில் பலர் அந்த இடத்தில்தான் நின்று என்னை நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஒரு தாளில் அச்சாகியிருப்பதாலேயே அது முழு உண்மையாகிவிடாது என்பதை நான் எவ்வளவு விளக்கினாலும் அவர்கள் இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். முழு நூலைப் படிக்க அவளுக்கு இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் போகட்டும். நார்காமின் தொல்லை எத்தகையது என்பது அதில் வெளிப்படையாக வருகிறது. சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழக நூலகம் இதையும், இதைப் போல அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்கள் எழுதிய ஏராளமான தன் வரலாறுகளையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. நீ முதலில் படித்துப் பார்த்து, அவளுக்கு ஏற்ற பக்கங்களைத் தேர்ந்துகொள்.

அந்த நூலுக்கே ஒரு வரலாறு உண்டு. வெள்ளைக்காரப் பெண் ஒருவர் புனைந்த கதை அது என்றே நெடுங்காலம் அறிஞர்கள் பலர் எண்ணினார்கள். அடிமையாயிருந்த பெண்ணுக்கு இப்படி எழுத வருமா என்பது அவர்களுடைய ஐயம். ஜீன் ஃபேகன் யெல்லின் என்ற ஆய்வாளர் ஹாரியட்டின் கைப்பட்ட கடிதங்களை ஆவணக் காப்பகத்தில் தேடிப் படித்து, நூல் அவருடையதே என்று 1980களில் ஐயமற நிறுவினார். யாரோ ஒருவர் அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போடாமல் நூலகத்தில் சேர்த்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

எழுத்தறிவை அடிமைகளாயிருந்தவர்கள் எவ்வளவு பெரிதாக நினைத்தார்கள் என்பதற்கு, அதைத் தடுத்தவர்களின் அச்சமே சாட்சி. அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதை உங்கள் மாநிலம் 1830இல் சட்டம் போட்டுத் தடுத்தது. கற்றுக்கொடுப்பவர் வெள்ளையரானால் 100 முதல் 200 டாலர் வரை அபராதம் அல்லது சிறை. விடுதலை பெற்ற கறுப்பினத்தவரானால் அபராதம், சிறை, அல்லது 20 முதல் 39 கசையடி. அடிமையே இன்னோர் அடிமைக்குக் கற்றுக்கொடுத்தால் 39 கசையடி. எழுத்தறிவு அவர்கள் மனத்தில் அதிருப்தியைக் கிளப்பும், கலகத்துக்கு வழி வகுக்கும் என்று சட்டத்தின் முகவுரையே காரணம் சொல்கிறது. எண்களைச் சொல்லிக் கொடுக்க மட்டும் விலக்கு அளித்தார்கள். கணக்கு தெரிந்த அடிமையால் எஜமானுக்கு ஆதாயம் உண்டல்லவா?

படிப்பதோடு கேட்கவும் செய். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில், அடிமைகளாயிருந்தவர்களின் குரல் பதிவுகள் சில இருக்கின்றன. ஃபவுன்டன் ஹியூஸ் என்ற முதியவர் 1949இல் பால்டிமோரில் பேசியது அவற்றில் ஒன்று. தனக்கு 101 வயது என்கிறார். தன் பாட்டனார், அமெரிக்க அதிபராயிருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்குச் சொந்தமாயிருந்தவர் என்கிறார். விடுதலைக்குப் பிறகு போக்கிடம் இல்லாமல் திரிந்ததையெல்லாம் நிதானமாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர், மீண்டும் அடிமையாக நேர்ந்தால் துப்பாக்கியை எடுத்துத் தன்னை முடித்துக்கொள்வேன் என்று சொல்லும் இடமும் வருகிறது. அந்த இடத்தை அவளுக்குக் கேட்கக் கொடுக்காதே, நீ கேள். அடிமை முறை ஏதோ பழங்காலத்துச் செய்தி என்ற எண்ணம் அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு இருக்காது. 1936 முதல் 1938 வரை அரசு எழுத்தாளர் திட்டத்தின் கீழ் எடுக்கப்பட்ட 2,300க்கும் மேற்பட்ட நேர்காணல்களும் அங்கே இருக்கின்றன. கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். அதே ஊரில் அவர்களை அண்டி வாழ்ந்த முதியவர்கள் மனத்தில் இருந்ததையெல்லாம் அவர்கள் எதிரே சொல்லியிருப்பார்களா என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இனி, பாப்பா கைநீட்டிப் புத்தகம் எடுக்கும் அந்த நூலக அலமாரியைப் பற்றி. அது தானாக வந்துவிடவில்லை. வர்ஜீனியாவில் உள்ள எங்கள் அலெக்சாண்ட்ரியாவில் 1939 ஆகஸ்ட் 21 அன்று நடந்ததைக் கேள். வரிப்பணத்தில் நடந்த பொது நூலகத்தில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. 26 வயது வழக்கறிஞர் சாமுவேல் டக்கர் ஏற்பாடு செய்தபடி ஐந்து இளைஞர்கள் நல்ல உடை உடுத்தி, ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய், உறுப்பினர் அட்டை கேட்டார்கள். மறுத்ததும், ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெவ்வேறு மேசைகளில் உட்கார்ந்து ஒரு சொல்லும் பேசாமல் படித்தார்கள். அதற்காகக் காவலர்கள் வந்து கைது செய்து, ஒழுங்கீனமாக நடந்ததாக வழக்குப் போட்டார்கள். அமைதியாகப் படித்தவர்கள் மேல் அந்த வழக்கு! அடுத்த ஆண்டு நகராட்சி, கறுப்பினத்தவருக்கென்று தனியாக ஒரு சிறு நூலகம் கட்டிக் கொடுத்தது. டக்கர் அதற்கான அட்டையை ஏற்க மறுத்துவிட்டார். எண்பது ஆண்டுகள் கழித்து, 2019இல்தான் நீதிமன்றம் அந்தக் குற்றச்சாட்டுகளைத் தள்ளுபடி செய்தது.

நூலகத்துக்குள் நுழைந்த பிறகும் பிள்ளைகளுக்கு அங்கே என்ன இருந்தது? 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,206 சிறுவர் நூல்களை நான்சி லாரிக் என்ற கல்வியாளர் ஆராய்ந்து 1965இல் எழுதினார். அவற்றில் ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்றவை 349 மட்டுமே. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. புத்தகத்தில் வருகிறவர்கள் எல்லோரும் எப்போதும் வெள்ளைக்காரப் பிள்ளைகளாகவே ஏன் இருக்கிறார்கள் என்று ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வியோடு அவர் கட்டுரையைத் தொடங்குகிறார். இந்த நிலையை மாற்றியவர்களில் பள்ளி நூலகர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதில் எனக்கு மிகுந்த பெருமை. 1969இல் நடந்த நூலகர் மாநாட்டில் மேபல் மக்கிசிக், கிளின்டன் கிரீர் என்ற இரண்டு பள்ளி நூலகர்கள், கறுப்பின எழுத்தாளர்களின் சிறுவர் நூல்களுக்கென்று ஒரு விருது வேண்டும் என்று பேசத் தொடங்கினார்கள். அதுதான் இன்று பாப்பாவின் நூலகத்தில் பல அட்டைகளின் மேல் வட்ட முத்திரையாகத் தெரியும், மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி பெயரிலான கொரெட்டா ஸ்காட் கிங் விருது. தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை என்றால் அந்த முத்திரையைப் பார்த்து எடு. எல்லாம் துயரக் கதைகள் அல்ல. பாட்டும் விளையாட்டும் வானவியலும் சமையலும் அதில் உண்டு. அவற்றையும் அவள் படிக்க வேண்டும். ஒரு மக்களை அவர்கள் பட்ட அடியை மட்டும் வைத்து அறிந்தால் அது அரைகுறை அறிவு.

"அது அவர்கள் கதை" என்றாயே, அதற்கு வருகிறேன். இந்தியர்கள் இந்நாட்டுக் குடியுரிமைக்குத் தகுதியற்றவர்கள் என்று 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946இல் கதவு சற்றே திறந்தபோது இந்தியாவுக்கு ஒதுக்கிய இடம் ஆண்டுக்கு 100. நம்மவர்கள் பெருமளவில் இங்கு வர வழி செய்தது 1965 அக்டோபரில் கையெழுத்தான குடியேற்றச் சட்டம். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் வாக்குரிமைச் சட்டம். முந்தைய ஆண்டு, இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைகள் சட்டம். பிறந்த நாட்டையும் நிறத்தையும் வைத்து மனிதர்களைத் தரம் பிரிப்பது தவறு என்று தெருவில் இறங்கிப் போராடி, அடிபட்டு, உயிரும் கொடுத்து இந்த நாட்டை ஒப்புக்கொள்ள வைத்தவர்கள் கறுப்பின மக்கள். மாப்பிள்ளைக்கு வந்த விசாவின் வேர் அங்கே இருக்கிறது.

பாப்பா படிக்கும் சார்லட் பள்ளிகளுக்கும் இதில் நேரான பங்கு உண்டு. 1957 செப்டம்பர் 4 அன்று டாரத்தி கவுன்ட்ஸ் என்ற 15 வயதுப் பெண், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த ஹார்டிங் உயர்நிலைப் பள்ளிக்குள் நடந்து போனார். கூட்டம் பின்னாலேயே வந்து கேலி செய்தது, துப்பியது, கல்லெறிந்தது. தலை நிமிர்ந்து அவர் நடக்கும் படம் உலகெங்கும் வெளியானது. நூலகரிடம் கேட்டால் எடுத்துத் தருவார். நான்கு நாட்களில் பெற்றோர் அவரை அந்தப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2010இல் அதே பள்ளி தன் நூலகத்துக்கு அவர் பெயரைச் சூட்டியது. படத்தில் டாரத்திக்குப் பின்னால் சிரிக்கும் பையன்களின் முகங்களைப் பார்க்கச் சொல். பாப்பா நிறையக் கேள்வி கேட்பாள். உனக்குப் பதில் தெரியாவிட்டால், சேர்ந்து தேடலாம் என்று சொல், போதும்.

கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியோடு இதை நிறுத்திவிடாதே. 1926இல் கறுப்பின வரலாற்றாசிரியர் கார்ட்டர் வுட்சன் இந்த வரலாற்றுக்கு ஒரு வாரம் ஒதுக்கியபோது, ஆண்டு முழுதும் கற்றதைப் பள்ளிகள் அந்த வாரத்தில் எடுத்துக்காட்ட வேண்டும் என்றே விரும்பினார். கற்றது எங்கே போய்ச் சேரும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 1955 மார்ச் 2 அன்று, ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு, மான்ட்கோமரி நகரப் பேருந்தில் அவரைப் போலவே வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்த கறுப்பினப் பெண் கிளாடெட் கோல்வினுக்கு வயது 15. அடிமைத்தளையிலிருந்து மீண்டு பிறர் விடுதலைக்காகவும் போராடிய ஹாரியட் டப்மனும் சோஜர்னர் ட்ரூத்தும் ஆளுக்கொரு தோளை அழுத்தி உட்கார வைத்தது போல இருந்தது என்று பின்னாளில் சொன்னார். அதற்கு முந்தைய மாதத்தில்தான் அவர் பள்ளி வகுப்பில் அந்தப் பெண்களைப் பற்றிப் படித்திருந்தார்.

சில மாநிலங்களில் இத்தகைய நூல்களைப் பள்ளி அலமாரிகளிலிருந்து நீக்கச் சொல்லும் பெற்றோர் இப்போது குரல் உயர்த்துகிறார்கள். பென்சில்வேனியாவின் சென்ட்ரல் யார்க் பள்ளி மாவட்டத்தில் இப்படித் தடுத்து வைத்திருந்த நூல்களை, மாணவர்களே பள்ளி வாசலில் நின்று போராடி 2021 செப்டம்பரில் மீட்டார்கள். உன் பள்ளியில் அப்படி ஒரு கூட்டம் நடந்தால், நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது போல ஒதுங்கி வீட்டிலிருந்துவிடாதே; போய், உன் பிள்ளைக்கு அந்த நூல்கள் வேண்டும் என்று சொல்.

வசந்த விடுமுறைக்கு இங்கே வரும்போது பாப்பாவை ராபர்ட் ராபின்சன் நூலகக் கட்டடத்துக்கு அழைத்துப் போகலாம். டக்கர் அட்டையை ஏற்க மறுத்த அந்தத் தனி நூலகம்தான் அது. இப்போது அலெக்சாண்ட்ரியாவின் கறுப்பின வரலாற்று அருங்காட்சியகத்தின் பகுதி. 1864இல் ஹாரியட் ஜேக்கப்ஸும் அவர் மகள் லூயிசாவும், விடுதலை பெற்றவர்களின் பிள்ளைகளுக்காகப் பள்ளி திறந்ததும் இந்த ஊரில்தான். மாப்பிள்ளையையும் கூட்டி வா. தேதியை முன்கூட்டியே சொன்னால் நான் விடுப்பு எடுக்க வசதியாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா