மேற்கோள் எண்ணிக்கையும் சி. ஆர். ராவும்

அன்புள்ள நண்பர் இராமநாதன் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். பேராசிரியர் தேர்வுக் குழுவில் உங்களைச் சேர்த்திருப்பதையும், விண்ணப்பங்களின் முதல் பக்கத்திலேயே கட்டுரைகளின் எண்ணிக்கை, மேற்கோள் எண்ணிக்கை (பிறர் அவற்றைச் சுட்டிய தடவைகள்), எச்-இண்டெக்ஸ் (ஒருவரின் எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை முறை சுட்டப்பட்டுள்ளன என்னும் எண்) ஆகியவை நிற்பதையும் எழுதி, வெவ்வேறு துறையினரை இவற்றைக் கொண்டு ஒப்பிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது என்பதே என் உறுதியான கருத்து. அதைச் சொல்ல எனக்கு இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவின் ஆய்வுகளைவிட நல்ல சான்று தெரியவில்லை.

1944-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த ராவிடம், மதிப்பீட்டின் துல்லியத்துக்கு உள்ள எல்லை பற்றிப் பெரிய மாதிரிகளுக்குப் புள்ளியியலாளர் ஃபிஷர் தந்த முடிவு சிறிய மாதிரிகளுக்கும் பொருந்துமா என்று மாணவர் தாண்டேகர் கேட்டார். அக்கேள்வியிலிருந்து பிறந்த விடை, மறு ஆண்டு கல்கத்தாக் கணிதக் கழகத்தின் இதழில் பத்துப் பக்க அளவிலான கட்டுரைக்குள் வெளிவந்தது. எவ்வளவு திறமையான முறையைக் கையாண்டாலும் சராசரியில் உண்மை மதிப்பையே தரும் ஒரு மதிப்பீட்டின் சிதறலை ஓர் எல்லைக்குக் கீழே கொண்டுபோக முடியாது என்பது அதன் முதல் முடிவு. ஒரு மதிப்பீட்டைத் திருத்திச் செம்மையாக்கும் வழி இரண்டாவது. 1947-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் டேவிட் பிளாக்வெல்லும் அதைத் தனியாகக் கண்டார். நிகழ்தகவுப் பரவல்களுக்கிடையே தூரத்தை அளக்கும் வடிவியல் மூன்றாவது. ஒரே கட்டுரையில் இம்மூன்றும் இருந்தன, எழுதியவருக்கு அப்போது வயது இருபத்தைந்துக்கு மேல் இல்லை என்பதை நினைக்கும்தோறும் வியக்கிறேன்.

ராடார் பொறியாளரும் குவாண்டம் அளவீட்டில் ஈடுபடும் இயற்பியலாளரும் இன்று அந்த முதல் முடிவை, அதாவது கிராமர்–ராவ் எல்லையை, நாள்தோறும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தங்கள் துறைப் பாடநூலைச் சுட்டுகிறார்கள், அல்லது பெயரை மட்டும் எழுதிவிட்டு யாரையும் சுட்டாமல் நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொதுவான அறிவாகிவிட்டால் அதன் மூலக் கட்டுரை மறைந்துபோகும் என்பதைச் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் முன்பே கவனித்திருக்கிறார். 1948-இல் ராவ் தந்த, ‘ஸ்கோர் சோதனை’ எனப்படும் புள்ளியியல் சோதனை முறைக்கோ பெயரே மாறிப்போனது. பொருளியல் அளவையாளர்கள் அதை லக்ராஞ்சிப் பெருக்கிச் சோதனை என்றே பெரும்பாலும் அழைக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான கதையும் ராவிடமே உண்டு. ஒரு கூட்டத்திலிருந்து இருவரைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்தால் அவர்களிடையே சராசரியாக எவ்வளவு வேறுபாடு இருக்கும் என்பதை அளக்கும் ஒரு கட்டுரையை, 1982-இல், அறுபது வயது கடந்த பின் அவர் வெளியிட்டார். பல்லாண்டுகள் கழித்துச் சூழலியலாளர்கள் அதைக் கையில் எடுத்தார்கள்; செயற்கைக்கோள் படங்களில் நிலத்தின் பன்மையை அளக்கவும் அது பயன்படுகிறது. நீலகிரிப் பறவைகளை ஆராயும் என் தங்கை மகளின் கட்டுரைகளில் ராவின் பெயர் தவறாமல் வருகிறது. ஆனால் கிராமர்–ராவ் எல்லையின் ராவும் இவரே என்பதை நான் சொல்லித்தான் அவள் அறிந்தாள்.

எச்-இண்டெக்ஸை 2005-இல் முன்வைத்த இயற்பியலாளர் ஹிர்ஷே, துறைக்குத் துறை அது மாறுபடும் என்றும் உயிரியலாரின் மதிப்பு உயர்ந்திருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். புரதத்தை அளக்கும் முறையைச் சொன்ன லௌரியின் 1951 கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேலான மேற்கோள்களைப் பெற்றது. ஆழமான ஒரு கணிதக் கட்டுரைக்குச் சில பத்துகள் கிடைப்பதே அரிது. மேலும், எச்-இண்டெக்ஸ் கணக்கில் ராவின் 1945 கட்டுரை எத்தனை ஆயிரம் முறை சுட்டப்பட்டாலும் ஒரே ஒரு கட்டுரையாகத்தான் சேரும்.

ஆகவே ஒவ்வொரு விண்ணப்பதாரரிடமும் அவரே சிறந்தவையாகக் கருதும் மூன்று கட்டுரைகளைக் கேட்டு வாங்குங்கள். அவற்றை அவர் துறைக்கு வெளியே யார், எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். குழுவில் மற்றவர்கள் நேரமில்லை என்று சொல்லக்கூடும். ஆயினும் ஒருவரின் வாழ்நாள் உழைப்பைத் தீர்மானிக்கும் இடத்தில் சில மாலைகளைச் செலவிடுவது நம் கடமை என்று வற்புறுத்துங்கள். விதிகள் அனுமதித்தால் புள்ளியியல் விண்ணப்பங்களின் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்ல நான் ஆயத்தமாக இருக்கிறேன். ராவின் 1945 கட்டுரையின் நகலை இத்துடன் இணைத்துள்ளேன்.

என்றும் அன்புடன்,
சிவகுருநாதன்