ஒரு புத்தகத்துக்கு மூன்று படமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

'ஹாபிட்' என்ற ஆங்கில மாயாஜாலக் கதைப் படங்கள் எப்படி என்று பாம்பன் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டால், நல்லா இருக்கு என்றும் சொல்ல வருகிறது, கெடுத்துட்டாங்க என்றும் சொல்ல வருகிறது. எழுத்தாளர் டோல்கீன் சிறுவர்களுக்காக எழுதி 1937இல் வெளிவந்தது ஒரே ஒரு புத்தகம். இயக்குநர் பீட்டர் ஜாக்சன் அதை 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக, டிவி சீரியல் மாதிரி இழுத்துவிட்டார். புத்தகத்தில் குள்ளர்களை வைக்கோல் திணித்த பீப்பாய்களில் அடைத்து மூடிவிட்டு, கதாநாயகன் பில்போ மட்டும் வெளியே ஒரு பீப்பாயைக் கட்டிப்பிடித்தபடி நனைந்து நடுங்கி ஆற்றோடு போவான், கடைசியில் ஜலதோஷம் வேறு பிடித்துக்கொள்ளும் (ராத்திரி வல்லத்தில் கடலுக்குப் போகிறவர்களுக்கு அந்தக் குளிர் தெரியும்). படத்தில் பீப்பாய்க்கு மூடியே கிடையாது, வழியெல்லாம் சண்டை. படத்தில் வரும் டாரியல் என்ற பெண் புத்தகத்திலேயே இல்லை. எனக்கு அவளைப் பிடித்துத்தான் இருந்தது, என் தம்பிக்கு ஆகவே ஆகாது.

அப்புறம், இருட்டுக் குகையில் கோல்லம் என்ற விசித்திரப் பிராணியும் பில்போவும் விடுகதை போடும் காட்சி இருக்கிறதே, அதற்காகவே முதல் படத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்றாவதுக்குப் பெயரே போர்தான், அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். புத்தகத்தில் பில்போ தலையில் கல் பட்டு மயங்கிவிடுவதால் அந்தப் போர் சில பக்கங்களிலேயே முடிந்துவிடும்.

ஒரு வாசகி, தங்கச்சிமடம்