எடுத்த கட்டி எங்கே போனது?

மருத்துவமனை நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

என் அம்மாவின் வலது ஆள்காட்டி விரலில் நீங்கள் எடுத்த கட்டி, அதே இடத்தில் மறுபடி வந்திருக்கிறது. முழு விவரமும் உங்கள் கோப்பில் இருக்கிறது. திரும்ப வந்ததற்காகச் சண்டை போட வரவில்லை. ஸ்கேனைப் பார்த்த கை அறுவை மருத்துவர், இது விரலை அசைக்கும் தசைநாணின் உறையில் வரும் ஜயன்ட் செல் கட்டியாக இருக்கலாம், புற்று அல்ல, ஆனால் கடுகளவு துணுக்கு தங்கினாலும் திரும்ப வளரும் என்றார். உறுதி செய்துகொள்ளப் பழைய பயாப்ஸி அறிக்கையை, அதாவது எடுத்த கட்டியை ஆய்வகத்தில் சோதித்த அறிக்கையைக் கேட்டார். உங்களிடம் வந்து கேட்டால், "சின்னக் கட்டிதானே சார், அனுப்பலை" என்று பதில்.

அன்று கட்டியைக் கிண்ணத்தில் வைத்து எங்களுக்குக் காட்டினீர்கள். மஞ்சளும் பழுப்புமாக, கெட்டியாக இருந்தது. கேங்க்லியான் என்று சீட்டில் எழுதியிருந்தீர்கள். கேங்க்லியான் என்பது நீர்க்கட்டி, டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவும், வெட்டினால் ஜெல்லி மாதிரி வழியும். கிண்ணத்தில் இருந்ததோ கெட்டிச் சதை. அதைப் பார்த்த பிறகாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

அம்மா பூ கட்டுபவர். நாரைச் சுற்றி முடிச்சைச் சுண்டி இழுப்பது அந்த விரல்தான். இப்போது நடுவிரலால் இழுக்கிறார். முடிச்சு நெகிழ்ந்து மல்லிகை உதிர்கிறது, கடைக்காரர் சரத்தைத் திருப்பி அனுப்புகிறார். வலிகூடப் பெரிதில்லை. ராத்திரி விளக்கை அணைத்ததும் "கேன்சரா இருக்குமோடா?" என்கிறார். அந்தக் கேள்விக்கு அன்றே ஒரு காகிதம் பதில் சொல்லியிருக்கும்.

எடுக்கும் கட்டி எதுவானாலும் பயாப்ஸிக்கு அனுப்புங்கள். இதுதான் என் கோரிக்கை. பில்லில் கையுறைக்கும் பஞ்சுக்கும் தனித்தனி வரி போட மறக்காதவர்களுக்கு இது மட்டும் எப்படி மறக்கிறது? வாசலில் 'உலகத் தரம்' என்று பலகை, வரவேற்பறையில் காபி இயந்திரம், உள்ளே விரலால் அமுக்கிப் பார்த்து நோய்க்குப் பெயர். சரி, அதை விடுகிறேன்.

நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. அறுவைக் குறிப்பின் நகலையும், திசு பரிசோதனைக்கு அனுப்பப்படவில்லை என்று கையெழுத்தும் முத்திரையுமாக ஒரு கடிதத்தையும் தயவுசெய்து கொடுங்கள். இனி எடுக்கும் கட்டி எதுவானாலும் பயாப்ஸிக்கு அனுப்புவோம் என்று அதிலேயே ஒரு வரி சேர்த்தால் நன்றி சொல்வேன். வரும் வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு மறு அறுவை. அதற்குள் கிடைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
நோயாளியின் மகன்