கிரீஸ் கல்விச் சுற்றுலா: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். காலாண்டு விடுமுறையில் செப்டம்பர் 26 இரவு புறப்பட்டு அக்டோபர் 6 காலை திரும்பும் கிரீஸ் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்துள்ள ஒன்பது, பதினொன்றாம் வகுப்பு மாணவர்களின் வீட்டாருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பிள்ளையின் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சிறுவர் பாஸ்போர்ட் பெரும்பாலும் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் தரப்படுகிறது. நான்காம் வகுப்பில் வாங்கியது இப்போது காலாவதியாகியிருக்கும், அல்லது ஆகப்போகும். ஷெங்கன் விசாவுக்கு (கிரீஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா), நாம் அங்கிருந்து கிளம்பிய பிறகும் மூன்று மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். அதாவது ஜனவரி 5 வரை. வெற்றுப் பக்கம் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அடுத்தது பெயர். பள்ளிப் பதிவேட்டில் இனிஷியலோடும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை விரித்தும் இருப்பது நம் வீடுகளில் சகஜம். டிக்கெட், விசா, காப்பீடு மூன்றும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்து மாறாமல் இருந்தாக வேண்டும். எனவே படிவத்தைப் பள்ளி அடையாள அட்டையைப் பார்த்து நிரப்பாதீர்கள். குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் அதைத் தனியே குறிப்பிடுங்கள்.

பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது; அதைப் பள்ளியே எல்லோருக்கும் சேர்த்து எடுக்கிறது. தாய், தந்தை இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் நோட்டரி முத்திரையோடு வேண்டும். ஒருவர் வெளிநாட்டில் வேலையில் இருந்தால் இப்போதே தொடங்குங்கள். பெரும்பாலும் தாமதம் இந்தக் காகிதத்தில்தான் வருகிறது. விசா முடிவு பொதுவாக 15 நாளில் வரும், சிலருக்கு 45 நாள் வரை இழுக்கும். ஆகவே எல்லாக் காகிதமும் ஜூலை 10க்குள் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். விசா மறுக்கப்பட்டால் அதற்குக் கட்டிய பணம் திரும்ப வராது.

பயண வரிசையைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். முதல் மூன்று இரவு ஏதென்ஸ். அங்கிருந்து ஒரு நாள் பேருந்தில் மைசீனே, எபிடாரஸ் என்னும் பழங்கால இடங்கள். பிறகு பிரேயஸ் துறைமுகத்திலிருந்து மிக்கோனோஸ் தீவு, அதிலிருந்து சிறு படகில் அரை மணி நேரத்தில் தொல்லியல் தீவான டெலோஸ். அடுத்து சாண்டோரினித் தீவு. கடைசி நாள் மீண்டும் ஏதென்ஸில், தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம். அதைக் கடைசியில் வைத்ததற்கு இரண்டு காரணம். மைசீனேக் கல்லறையில் 1876இல் கிடைத்த, ‘அகமெம்னான்’ என்னும் கிரேக்கக் காவிய அரசன் பெயரால் வழங்கும் பொன் முகமூடியும், சாண்டோரினியின் அக்ரோதிரி என்னும் பழைய ஊரில் எடுத்த சுவரோவியங்கள் சிலவும் அங்கேதான் இருக்கின்றன. இடங்களைப் பார்த்துவிட்டுப் பொருள்களைப் பார்த்தால்தான் பிள்ளைகளுக்குப் பிடிபடும். இரண்டாவது, காற்று. ஈஜியன் கடலில் ‘மெல்டெமி’ என்னும் வடகாற்று ஜூலை, ஆகஸ்டில் உக்கிரமாக வீசும். செப்டம்பர் இறுதியில் தணிந்திருக்கும் என்றாலும் ஒரு நாள் படகுகளை நிறுத்திவிடக்கூடும். தீவிலிருந்து திரும்பும் நாளும் விமானம் ஏறும் நாளும் ஒன்றாக இருந்தால் மொத்தக் குழுவும் விமானத்தைத் தவறவிடும். இந்த ஏற்பாட்டில் படகு நின்றாலும் நமக்கு நஷ்டம் ஒரு அருங்காட்சியகம் மட்டுமே. கிரீட் தீவின் க்னோசோஸ் அரண்மனையைச் சேர்க்காததும் இதனால்தான்: இன்னொரு கடல் பயணம் சேர்ந்தால் இந்த உபரி நாள் போய்விடும்.

பிரேயஸிலிருந்து மிக்கோனோஸுக்கு வேகப் படகு வேண்டாம், பெரிய கப்பலே போதும் என்று முடிவு செய்தோம். நேரம் கூடுதல்தான், ஆனால் ஆட்டம் குறைவு, காற்று கூடினால் முதலில் நிறுத்தப்படுவதும் வேகப் படகுகளே. குமட்டல் வரும் பிள்ளைகளுக்கு மருத்துவர் சொன்ன மாத்திரையைக் கப்பல் ஏறுமுன்பே கொடுக்க வேண்டும். தலை சுற்றத் தொடங்கிய பின் பலன் குறைவு. தீவுகளில் கப்பல் சில நிமிடங்களே நிற்கும். பெட்டிகள் வண்டித்தளத்தில், தீவின் பெயர் எழுதிய அடுக்குகளில் இருக்கும். அறிவிப்பு வந்ததும் எல்லோரும் கீழே இறங்கி நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மேல்தளக் கழிவறைக்குப் போகக் கூடாது என்று வீட்டிலும் சொல்லி அனுப்புங்கள். பெட்டி 55 செ.மீ. உயரத்துக்குள், பிள்ளையே படியில் தூக்கிச் செல்லும் எடையில் இருக்கட்டும்.

காலணி விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. கி.மு. 447இல் பார்த்தெனான் கோயிலைக் கட்டத் தொடங்கிய, ஏதென்ஸின் அக்ரோபோலிஸ் குன்றின் சலவைக்கல்லும் பாறையும் கோடிக்கணக்கான காலடிகளில் தேய்ந்து வழுவழுவென்று இருக்கின்றன. மழை இல்லாமலே வழுக்கும். பிடிமானமுள்ள ரப்பர் அடிப்பாகம் கொண்ட ஷூ வேண்டும், செருப்பு கூடாது. புது ஷூவை இரண்டு வாரம் முன்பிருந்தே போட்டு நடக்கப் பழக்குங்கள், இல்லையென்றால் இரண்டாம் நாளே கொப்புளம். அங்கே நுழைவு நேரம் குறித்த டிக்கெட். வெயிலுக்கும் கூட்டத்துக்கும் முந்த காலை எட்டு மணிக்கு முன்பதிவு செய்கிறோம். பெரிய பைகளை உள்ளே விட மாட்டார்கள்.

டெலோஸில் நிழலே கிடையாது. ஒன்றரை லிட்டர் தண்ணீர், தாடைக்கு நாடா கட்டும் தொப்பி, இரண்டும் கட்டாயம். அக்ரோதிரியில் அந்தக் கவலை இல்லை: ஏறத்தாழ கி.மு. 1600இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்த ஊரில் தோண்டி எடுத்த பகுதி கூரைக்கு அடியில் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் சாண்டோரினிப் பகுதியில் தொடர் நிலநடுக்கங்கள் வந்து மக்கள் வெளியேறியது உங்களுக்கு நினைவிருக்கும். அரசு எச்சரிக்கை ஏதும் இருந்தால் அந்த நாள்களை நாக்சோஸ் தீவில் கழிப்போம். அவசர எண் 112.

தொல்லியல் இடங்களில் உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டியே விளக்குவார். சிலைக்குப் பக்கத்தில் அதைப் போலவே நின்று படம் எடுப்பதைக் காவலர்கள் கண்டிப்பார்கள். உடைந்த ஓட்டுத்துண்டானாலும் எடுத்துப் பையில் போடுவது அங்கே குற்றம்.

கோடீன் (அபினி வகை மருந்து) கலந்த இருமல் மருந்தும் மாத்திரையும் கிரீஸில் கட்டுப்படுத்தப்பட்டவை, அனுப்பவே வேண்டாம். மற்ற மருந்துகளை அட்டை பிரிக்காமல், சீட்டோடு தாருங்கள். சைவப் பிள்ளைகளுக்குக் கீரை அடை, அரிசி அடைத்துச் சுட்ட தக்காளி, குடைமிளகாய் கிடைக்கும். சாண்டோரினியின் ‘ஃபாவா’ ஏறக்குறைய நம் பருப்புக் கடையல்தான். ஏதென்ஸில் குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், சாண்டோரினியில் பாட்டில் தண்ணீரே. கழிவறைக் காகிதத்தைக் கழிப்பறைக் கோப்பைக்குள் அல்ல, பக்கத்தில் உள்ள கூடையில் போட வேண்டும். குழாய்கள் குறுகலானவை, அடைத்துக்கொள்ளும். நம் மூன்று முள் பிளக் அங்கே பொருந்தாது.

பிள்ளைகள் தினமும் இந்திய நேரம் இரவு 9.30க்கு, அங்கே மாலை 7 மணிக்கு, பேசுவார்கள். காகிதங்கள் குறித்த சந்தேகங்களுக்கு வேலை நாள்களில் மாலை 4 முதல் 5 வரை அலுவலகத்துக்கு வாருங்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் அதற்காகக் காத்திருக்காமல் நாளையே விண்ணப்பித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்