அந்த அம்மா வாங்கிக் கொடுத்த டைப்ரைட்டர்

அன்பு மகளுக்கு,

மூன்றாவது கதையும் திரும்பி வந்துவிட்டது, இனிமேல் எழுதப்போவதில்லை என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாய். ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்குப் பிடித்த அறிவியல் புனைகதைக்காரர்களில் ஆக்டேவியா பட்லரைப் பற்றித் தேடிப் படித்தேன். கலிபோர்னியாவில் பாசடீனா என்ற ஊரில் 1947-ல் பிறந்த கறுப்பினப் பெண். அப்பா ஷூ பாலிஷ் போடுகிறவர், மகளின் சின்ன வயதிலேயே இறந்துபோனார். அம்மா வீட்டுவேலை செய்து வளர்த்தார். மூன்றே வருஷம் பள்ளிக்கூடம் போனவர், வேலை பார்த்த வீடுகளில் வேண்டாமென்று போடும் புத்தகங்களை மகளுக்காகச் சுமந்து வருவாராம். பத்து வயதில் மகள் டைப்ரைட்டர் கேட்டாள். இந்த வயதில் எதற்கு, தூசி படிந்து கிடக்கப்போகிறது என்று ஒரு தோழி தடுத்தும் அந்த அம்மா வாங்கிக் கொடுத்தார்.

பிரியமான உறவுக்காரர் ஒருவரோ, கறுப்பர்களால் எழுத்தாளர் ஆக முடியாது என்று சொல்லியிருக்கிறார். அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஒன்பதாவது படிக்கும்போது நீ நீல மையில் நுணுக்கி நுணுக்கி எழுதிய நோட்டை, "கதை சோறு போடுமா?" என்று கேட்டுப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டவள் நான். நீ அழக்கூட இல்லை. என்னை மன்னித்துவிடு பாப்பா.

1970-ல் ஒரு எழுத்துப் பட்டறைக்குப் போய் பட்லர் முதன்முதலாக இரண்டு கதைகளை விற்றார். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் ஒன்றுகூட விலைபோகவில்லை. பாத்திரம் கழுவினார், சிப்ஸ் கம்பெனியில் நல்லது கெட்டது பார்த்துப் பிரித்தார். விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து எழுதிவிட்டு வேலைக்குப் போவாராம். முதல் நாவல் 1976-ல்தான் வந்தது.

சின்ன வயதில் அம்மாவோடு வேலைக்குப் போகும்போது, அம்மா பின்வாசல் வழியாக நுழைவதையும், அந்த வீட்டுக்காரர்கள் என்ன பேசினாலும் கேட்காத மாதிரி நிற்பதையும் பார்த்து அந்தப் பிள்ளை கூசிப்போனாள். அம்மா அப்படித் தாங்கியதால்தான் தன் வீட்டில் அடுப்பு எரிந்தது என்று பின்னாளில் புரிந்தது. 1979-ல் வந்த 'கிண்ட்ரெட்' நாவலுக்குள் அந்தப் புரிதல் இருக்கிறது. இன்றைய பெண்ணொருத்தி அடிமைக் காலத்துக்கு இழுக்கப்பட்டு, தன் முன்னோர் எதையெல்லாம் பொறுத்து உயிர் பிழைத்தார்கள் என்று நேரில் பார்க்கிற கதை. அந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் மேலே படித்தேன்.

2021-ல் செவ்வாய் கிரகத்தில் பெர்சிவரன்ஸ் என்ற ஆய்வு வண்டி இறங்கிய இடத்துக்கு நாசா பட்லரின் பெயரை வைத்திருக்கிறது.

இந்த மாதச் சீட்டுப் பணம் வந்தது, உன் கணக்கில் போட்டிருக்கிறேன். பழைய லேப்டாப்பை மாற்றிக்கொள். வேறு எதற்கும் செலவழிக்காதே. அந்த நோட்டில், நிலாவில் தனியாகத் தண்ணீர் தேடிப்போன கிழவி ஒருத்தி வருவாள் இல்லையா? அவளுக்குத் தண்ணீர் கிடைத்ததா? பொங்கலுக்கு வரும்போது எனக்குச் சொல்.

அம்மா