படுக்க வைத்தால் காற்று விட்டுவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சோலார் பேனல்கள் சரிந்தால் 'பலத்த காற்று' என்று ஒரே வரியில் செய்தியை முடித்துவிடுகிறார்கள். முப்பந்தல் பக்கம் 22 வருடம் காற்றாலை ஃபிட்டராக இருந்துவிட்டு, அப்புறம் மூன்று வருடம் ஒரு சோலார் நிலையத்தில் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். அங்கே கண்ணால் கண்டது வேறு.

அங்கிருந்தவை வெயிலோடு திரும்பும் ட்ராக்கர்கள். வடக்கு தெற்காக ஒரு நீளமான சதுரக் குழாய், அதன்மேல் வரிசையாகப் பேனல்கள், நடுவில் ஒரே ஒரு மோட்டார். காற்று கூடினால் பேனல்களைத் தரைக்கு இணையாகப் படுக்க வைத்துவிடும். படுத்துவிட்டால் காற்று மேலும் கீழும் வழுக்கிப் போய்விடும் என்பது கணக்கு.

ஒரு ஆனி மாத மத்தியானம். காற்றுமானி மணிக்கு 60 கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. எல்லா வரிசையும் படுத்துத்தான் இருந்தது. மேற்கு ஓரத்து வரிசையின் தெற்கு முனை மட்டும் மெல்ல ஆடியது, ஒரு சாண் அளவுக்கு. "அண்ணே, மோட்டார் ஓடுதா?" என்று உடனிருந்த பையன் கேட்டான். ஓடவில்லை. நடுப்பகுதி அசையாமல் நிற்க, முனை மட்டும் ஏறி இறங்கி, ஈர வேட்டியைப் பிழிவதுபோலக் குழாயை முறுக்கியது. ஆட்டம் நிற்பதற்குள் கிளாம்புகள் தெறித்து, ஒன்பது பேனல்கள் தரையில் கிடந்தன. உள்வரிசைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

டிசைனைத் தாண்டிக் காற்று அடித்திருக்கும் என்றார் வந்து பார்த்த இன்ஜினியர். எங்கள் பகுதிக்கு, கட்டுமானங்களின் பாரக் கணக்குக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875 சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர். அதில் பாதிகூட அன்று இல்லையே!

போல்ட்டின் பலத்தில் குறை இல்லை. படுத்த பேனல் துளி திரும்பினாலும் அதன் விளிம்பில் காற்று சுழன்று, திரும்பிய பக்கமே இன்னும் தள்ளுகிறது. முறுக்கிய குழாய் திரும்பி வரும்போது அந்தப் பக்கமும் தள்ளிவிடுகிறது. குழாய் தணிப்பதைவிடக் காற்று கொடுப்பது கூடினால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீச்சு ஏறும். 1940-இல் அமெரிக்காவின் டகோமா பாலம் முறுக்கிக்கொண்டு விழுந்ததும் சுமார் 64 கிலோமீட்டர் வேகக் காற்றில்தான். எங்கள் ஊரில் இன்னொரு வினையும் சேர்கிறது: ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருவது மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று. வடக்கு தெற்காக வைத்த வரிசையை நேர் குறுக்காக அடிக்கும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. படுக்க வைக்காமல் நன்றாகச் சாய்த்து நிறுத்தலாம். தூணுக்குப் பாரம் கூடும், ஆனால் இந்த ஆட்டம் அடங்கும். முனைகளில் டேம்பர், அதாவது ஆட்டத்தைத் தணிக்கும் கருவி, போடலாம். காற்று அடிக்கும்போதுதான் இங்கே கரண்டும் போகும் என்பதால், மோட்டாருக்குப் பேட்டரி கட்டாயம் வேண்டும். எல்லாம் செலவுதான், தெரியும்.

காற்று நிறைய உண்டு என்றுதானே இங்கே காற்றாலை வைத்தோம்? அதே மண்ணில் இப்போது சோலாரும் வருகிறது. டெண்டர் போடுகிறவர்கள் நிலையான பாரக் கணக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளாமல், வரிசை முறுக்குவதையும் காற்றுச் சுரங்கத்தில் (விண்ட் டன்னல் சோதனைக்கூடத்தில்) சோதித்த அறிக்கையைக் கேட்க வேண்டும். ஏற்கெனவே நிற்பவற்றில் மேற்கு ஓர வரிசைகளுக்காவது அடுத்த ஆனிக்குள் டேம்பர் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர்,
பணகுடி, திருநெல்வேலி மாவட்டம்.